புது பிரேக்கோடு உடனே மலையேறலாமா?

கேள்வி: என் காரின் முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க்கும் பேடும் மாற்றி இரண்டு நாள் ஆகிறது. பிரேக் முன்போலப் பிடிக்கவில்லை. கேட்டால், "ஓட ஓட செட் ஆயிரும் அண்ணாச்சி" என்கிறார் மெக்கானிக். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும். போகலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: போகலாம். அதற்கு முன் ஒரு காலைப்பொழுதை பிரேக்குக்கு ஒதுக்கிவிடுங்கள். மெக்கானிக் சொன்னது பாதி சரி. ஓட ஓட செட் ஆகும். சீராக ஆகுமா என்பது நீங்கள் மிதிக்கிற விதத்தில் இருக்கிறது.

பிரேக் மிதித்தால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் பேடுகள் இறுக்கிப் பிடிக்கும். அதில் சூடு ஏறும்போது பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படியும். அது சுற்றிலும் ஒரே சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு கிடைக்கும். திட்டுத் திட்டாகப் படிந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதைத் துடைத்துத்தான் மாட்டினாரா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், விடிந்ததும் ரெட்டியார்பட்டி தாண்டி மூன்றடைப்புப் பக்கம் நான்குவழிச் சாலைக்குப் போங்கள். கண்ணாடியில் பார்த்து, பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது மட்டும், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமாக அழுத்திக் குறையுங்கள். முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுங்கள். இப்படி எட்டுப் பத்து முறை. பேடு பெட்டியிலுள்ள சீட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். கருகிய வாடை வந்தால் பயப்பட வேண்டாம், பேடிலுள்ள பிசின் சூடாகிறது. பெடல் மெத்தென்று இறங்கினால் மட்டும் அத்தோடு நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள்.

கடைசி முறைக்குப் பிறகு பத்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டுங்கள். நான் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். பிரேக் நல்ல சூட்டில் இருக்கும்போது டோல்கேட் வரிசையில் பெடலை அழுத்தியபடியே நின்றேன். வீட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கில் பேடின் வடிவத்திலேயே ஒரு கரும்பட்டை. அதன்பின் 80-இல் பிரேக் தொட்டாலே கை நடுங்கும். அதனால் சூடாக இருக்கும்போது நிற்க நேர்ந்தால், சமதளத்தில் காலை எடுத்துவிட்டு நியூட்ரலில் நில்லுங்கள். அந்தச் சூட்டில் வண்டியைக் கழுவவும் வேண்டாம்.

நன்றாக ஆறியதும் டிஸ்க்கைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் சரி. முதல் 300 கிலோமீட்டருக்கு அவசர பிரேக் தேவைப்படாதபடி இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மலை இறங்கும்போது இரண்டாவது கியர் போதும். இத்தனைக்குப் பிறகும் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ பெடல் ஆழமாக இறங்கினாலோ, வெள்ளிக்கிழமை பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.