நல்ல பருப்பு மண்டிக்கு, மிச்சம் செக்குக்கா?

கேள்வி: ஐயா, வணக்கம். திண்டிவனம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம். இந்தப் பட்டத்தில் நல்ல பருப்பை மண்டிக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டுச் செலவுக்கு மரச்செக்கில் ஆட்டினோம். ஒரே மாதத்தில் எண்ணெய் காறுகிறது. சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். சின்னவளுக்குக் கை காலெல்லாம் தோல் வறண்டு அரிப்பு. சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறச் சொல்கிறார்கள். வயிற்றுக்கும் தோலுக்கும் எந்த எண்ணெய் வாங்கலாம்?

பதில்: வணக்கம் அம்மா. மல்லாட்டை போடுகிற வீட்டில் எதற்கு எண்ணெய் வாங்க வேண்டும்? கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றிப் புழங்குங்கள், போதும். தோலுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் இரண்டிலும் உண்டு, நல்லெண்ணெயில் கொஞ்சம் கூடுதல். ஆளுக்கு மாதம் முக்கால் லிட்டரைத் தாண்டாமல் பாருங்கள். பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். பிள்ளையின் அரிப்பு படையாகவோ சிரங்காகவோ இருக்கலாம். எண்ணெயை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்செரிச்சல் நிற்காவிட்டால் நீங்களும் காட்டுங்கள்.

என்னை உறுத்துவது கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ‘மிச்சத்தை ஆட்டினோம்’. அந்த மிச்சம் என்ன? சூம்பல், உடைசல், முளை விட்டது, பூஞ்சணம் பிடித்தது. ஊர் ஊராக இதைத்தான் பார்க்கிறேன். முதல் தரம் மண்டிக்குப் போகிறது, கழிசல் சொந்தப் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. உடைந்த பருப்பில் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வைக்கும். உங்களுக்குக் காறல் வந்தது அதனால்தான். அதைவிட மோசமானது அஃப்ளாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் விடும் நஞ்சு, ஈரலைக் கெடுப்பது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கைத் துருவித்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அடுப்புச் சூட்டில் இது அழியாது. ஆலைச் சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும், செக்கெண்ணெயில் அந்த வழி இல்லை. அதனால் செக்கில் ஆட்டுகிறவர்கள்தான் பருப்பில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும்.

பூஞ்சணம் செக்கில் வருவதில்லை, நிலத்திலும் களத்திலும் வருகிறது. கடைசி மாதம் செடியைக் காயப் போட்டால் காய்க்குள்ளேயே ஏறிவிடும், ஒரு தண்ணீராவது கொடுங்கள். விதைத்த நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் ஓடு கெட்டியாகும். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்து இரண்டு மூன்று நாள் வாட விடுங்கள். ஈரக்காயை ஆய்ந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குவித்து வைக்கவே கூடாது, உள்ளே சூடேறிப் பூஞ்சணம் கிளம்பிவிடும். தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கள். காயைக் குலுக்கினால் கலகலக்க வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும், கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். ஈரம் எட்டு சதவீதத்துக்குக் கீழே வந்தால் சாக்கில் கட்டலாம், தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

அப்புறம் உடைப்பு மெஷின்காரர்கள். பருப்பு உடையாமல் முழுசாக வர, காயின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். நாலு நாள் வெயிலில் காய வைத்ததை ஒரு குடம் தண்ணீரில் கெடுக்கிற வேலை இது. வீட்டுக்கு ஆட்டும் காயில் தெளிக்க விடாதீர்கள், உடைந்தால் உடையட்டும். உடைத்த வாரமே ஆட்டுங்கள், கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கிவிட்டு.

‘மரச்செக்கு’ என்று பலகை மாட்டிய கடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் செக்கில் இரண்டேகால், இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலையோடு பெருக்கிப் பிண்ணாக்குக் காசைக் கழித்துப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் விற்றால் கலப்படம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், பாமாயில் மலிவாகக் கிடைக்கிறது. பிண்ணாக்கு எந்தப் பருப்பில் வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிற கடையில் நான் வாங்கமாட்டேன்.

ஆட்டிய எண்ணெயைக் கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைப்பது பழக்கம்தான், ஆனால் வெளிச்சம் பட்டால் சிக்கு சீக்கிரம் வரும். மூடிய எவர்சில்வர் தூக்கில் மூன்று நாள் நிழலில் தெளிய விட்டு, அடியில் தங்கிய கசடை விட்டு மேலாக இறுத்து, கழுத்து வரை நிரப்பி வையுங்கள். நல்லெண்ணெய் தானாகவே நாள் தாங்கும், அதில் இயற்கையாகவே சிக்கைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. கடலையிலும் நாள் தாங்குவது வேண்டுமானால் சீக்கிரம் சிக்கு வைக்காத கொழுப்பான ஒலிக் அமிலம் 80 சதவீதம் வரை உள்ள கிர்நார் 4, கிர்நார் 5 ரகங்களின் விதை கிடைக்குமா என்று திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

இப்போது கையில் இருக்கும் எண்ணெய் சமையலுக்கு வேண்டாம், விளக்குக்கு ஊற்றுங்கள். அதை ஆட்டியபோது வந்த பிண்ணாக்கு மிச்சமிருந்தால் கறவை மாட்டுக்கும் வைக்காதீர்கள். நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கில்தான் தங்கும், ஒரு பங்கு மறுநாளே பாலில் வந்துவிடும். எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடுங்கள்.