வாரியர்ஸ் தொடரை ஏழாவது சுற்றின் முதல் நூலான 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' இலிருந்து படிக்கத் தொடங்கலாமா?

தொடங்கலாம். கதை புரியும். ஆனால் அந்த நூலுக்குள் இருக்கும் பயம் முழுமையாக உறைக்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடர் எனக்கு மிகவும் நெருக்கமானது.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சில வரிகள். வாரியர்ஸ், பூனைக் குலங்களைப் பற்றிய ஆங்கிலச் சிறார் நாவல் தொடர். அதன் ஆசிரியராக அட்டையில் இருக்கும் எரின் ஹண்டர் என்பது ஒரே ஆள் அல்ல. கேட் கேரி, செரித் பால்ட்ரி, விக்டோரியா ஹோம்ஸ் எனச் சிலர் சேர்ந்து எழுதுவதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர். முதல் நூல் 2003இல் வெளிவந்தது. ஆறு நூல்கள் சேர்ந்தால் ஒரு சுற்று. 'த ப்ரோக்கன் கோட்' என்ற ஏழாவது சுற்றைத் தொடங்கிவைக்கும் 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' 2019 ஏப்ரலில் வந்தது. முதன்மை வரிசையில் அது 37ஆவது நூல். காட்டுப் பூனைகள் ஐந்து குலங்களாகப் பிரிந்து ஓர் ஏரியைச் சுற்றி வாழ்கின்றன. இறந்துபோன மூதாதையர் ஸ்டார்கிளான் என்ற பெயரில் வானத்திலிருந்து அவற்றைக் காக்கிறார்கள். அரைநிலவு தோறும் வைத்தியப் பூனைகள் மூன்பூல் என்ற குளத்துக்குப் போய், தண்ணீரில் மூக்கை வைத்துக் கனவில் அவர்களோடு பேசிவிட்டு வரும். குலத்தலைவராக ஒரு பூனை பொறுப்பேற்கும்போது ஒன்பது உயிர்களைக் கொடுப்பதும் அந்த மூதாதையர்தான்.

இனி நூலுக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்தில் ஷேடோபா என்ற இளம் பூனை, கழுத்தை வளைத்து, வால் அடியில் நாக்குக்கு எட்டாத ஓர் இடத்தை நக்கிச் சுத்தம் செய்யப் போராடிக்கொண்டிருக்கிறது. அன்றுதான் வைத்தியச் சீடனாக மூன்பூலுக்கு அதன் முதல் பயணம். தந்தை குலத்தலைவர். தாயும் தந்தையும் விடாமல் கவலைப்படுவது அதற்குக் கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் போல மெருகேற்றிக்கொண்டு புறப்படுகிறது. கடுங்குளிரில் மலையேறிப் போய்ப் பார்த்தால், குளம் உறைந்து கிடக்கிறது.

புதிய வாசகருக்கு இது ஒரு குளிர்காலத் தகவல். முந்தைய 36 நூல்களையும் படித்தவருக்கோ தலையில் இடி. குலங்கள் ஏரிக்கரைக்கு வந்த பிறகு எத்தனை போர், எத்தனை துரோகம் வந்தாலும் அந்தக் குளத்தில் தண்ணீர் இருந்தது, கேட்டால் பதில் சொல்ல யாரோ இருந்தார்கள். ஒரு சுற்றின் தொடக்க நூல் எதைச் சேர்க்கிறது என்று பார்ப்பதைவிட, எதைப் பறித்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் சரி என்பது என் எண்ணம். புதுப் பூனைகளையும் புதுக் காட்டையும் சேர்ப்பது எழுதுபவருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் இந்த நூல், எல்லாச் சுற்றுகளும் எதை நம்பி நின்றனவோ அதையே உருவிவிடுகிறது.

அதன் விளைவு எங்கே தெரிகிறது என்றால், தண்டர்கிளான் என்ற வேறொரு குலத்தின் தலைவர் பிராம்பிள்ஸ்டார் காய்ச்சலில் விழும்போது. முன்பெல்லாம் தலைவர் ஒருவர் ஓர் உயிரை இழந்தால், வாசகர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே காத்திருப்பார். எழுந்துவிடுவார் என்று தெரியும். இங்கே அந்த உறுதி இல்லை. உயிர் கொடுத்தவர்களே பேசாதபோது, கொடுத்த உயிர் செல்லுமா? இவர் போய்விட்டால் அடுத்த தலைவருக்கு ஒன்பது உயிர் யார் தருவார்கள்? இந்த நேரம் பார்த்து, ஷேடோபாவுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. நோயாளியைக் குளிரில் கொண்டுபோய்ப் பனியில் கிடத்தினால் காய்ச்சல் தணியும் என்கிறது அந்தக் குரல். அனுபவமுள்ள வைத்தியப் பூனைகள் தயங்குகின்றன. வேறு வழி எதுவும் மிஞ்சவில்லை. ஒரு சிறுவனின் சொல்லை நம்பி, ஒரு தலைவரைப் பனியில் படுக்கவைக்கிறார்கள். பிறகு நடப்பதைச் சொல்லமாட்டேன். அந்த இரவை நான் எழுந்து நின்றுகொண்டே படித்தேன்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2005இல் வந்த 'மிட்நைட்' நூலில் இந்த பிராம்பிள்ஸ்டார்தான் இளம் நாயகன். அவன் தடுமாறியதையும், தன் தந்தையின் கெட்ட பெயரோடு மல்லுக்கட்டியதையும் அவன் கண் வழியாகவே பார்த்தவர்கள் நாங்கள். இப்போது கதை சொல்லும் மூன்று இளம் பூனைகளுக்கு அவர் ஒரு பெரியவர், அவ்வளவுதான். நாம் நேசித்தவர்கள் பின்வரிசைக்குப் போய்விட்டதை இந்தத் தொடர் ஒவ்வொரு சுற்றிலும் கண்டிப்பாகச் செய்துகாட்டும். எனக்கு அது வலிக்கிறது. அந்த வலிக்காகவே படிக்கிறேன்.

கதை சொல்லும் மூவரில் ஷேடோபாவைத் தவிர்த்த மற்ற இருவர் ரூட்பாவும் பிரிஸல்பாவும். அவர்களில் ரூட்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் தந்தை ட்ரீ, எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர், இறந்த பூனைகளைக் காணும் திறன் உள்ளவர். மற்றவர்கள் அவரை விசித்திரமாகப் பார்ப்பதால் மகனுக்கு வெட்கம். உறைந்த ஏரியில் பனி உடைந்து ரூட்பா விழ, வேறு குலத்தைச் சேர்ந்த பிரிஸல்பா காப்பாற்றுகிறாள். அன்றிலிருந்து அவள் பின்னாலேயே அதன் மனம் போகிறது. பிரிஸல்பாவின் அத்தியாயங்கள் தொடக்கத்தில் மெதுவாகத்தான் நகர்கின்றன. சிறந்த போர்வீரராக வேண்டும் என்ற துடிப்பு இந்தத் தொடரில் பலமுறை பார்த்தது. நடுப்பகுதிக்குப் பிறகுதான் அவளுக்குச் சொந்தக் குரல் வருகிறது.

நூலின் முன்பக்கங்களில் ஐந்து குலங்களின் பூனைகள் அத்தனை பேரும் பதவிவாரியாகப் பட்டியலிடப்பட்டிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். பெயர் குழம்பும்போது திருப்பிப் பார்த்தால் போதும். அதற்கடுத்து இரண்டு வரைபடங்கள்: ஒன்று பூனைகளின் கண்ணில் அந்த நிலம், மற்றொன்று அதே நிலம் மனிதர்களின் கண்ணில். அவற்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

36 நூல்களைப் படிக்க எல்லோருக்கும் நேரமிருக்காது. அப்படியானால் ஆறாவது சுற்றின் முதல் நூலான 'தி அப்ரண்டிஸஸ் குவெஸ்ட்' (2016) இலிருந்து தொடங்குங்கள். வைத்தியப் பூனை ஆல்டர்ஹார்ட், ரூட்பாவின் தாய் வயலட்ஷைன், தந்தை ட்ரீ ஆகியோரை அந்தச் சுற்றில் நன்றாகத் தெரிந்துகொள்வீர்கள், மூன்பூல் உயிரோடு இருந்த நாட்களையும் பார்த்துவிடுவீர்கள். உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' நூலை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டால் தடுக்காதீர்கள், தாராளமாகப் படிக்கட்டும்.

எப்படித் தொடங்கினாலும் அடுத்த நூலான 'த சைலன்ட் தா' பக்கத்தில் இருக்கட்டும். 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' எதையும் முடித்துவைக்காமல், ரூட்பாவின் கண்ணில் ஒன்றைக் காட்டிவிட்டு அப்படியே நிறுத்திவிடுகிறது.