நாலரை மணி அலாரம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 44. கடை சாத்த இரவு ஒன்பதரை ஆகும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை. முன்பெல்லாம் அலாரம் இல்லாமலே ஏழு மணிக்கு விழிப்பு வந்துவிடும். 'உறுப்புக் கடிகாரம்' என்று வாட்ஸப்பில் வந்த அட்டவணையைப் பார்த்து (அதிகாலை 3–5 நுரையீரலுக்கு, 5–7 பெருங்குடலுக்கு...) மூன்று வாரமாக 4.30-க்கு எழுந்து ஐந்து மணிக்கு ஜிம் போகிறேன். பிளஸ் டூ படிக்கும் பையனையும் எழுப்பிவிடுகிறேன். மதியம் கல்லாவில் கண் சொக்குகிறது. இரண்டு முறை பில் தப்பாகப் போட்டுவிட்டேன். மாலை ஆறரைக்குக் காபி இல்லாமல் முடியவில்லை. இரவு படுத்தால் தூக்கம் வருவதில்லை, ஞாயிறன்று எட்டரை வரை தூங்கிவிடுகிறேன். இடுப்பு வேறு பிடித்துக்கொண்டது. போகப்போகப் பழகிவிடும் என்கிறார்கள். எப்போது பழகும்? பிபி மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இப்படியே போனால் பழகாது. உங்கள் மனஉறுதியில் குறை ஒன்றுமில்லை. அலாரம் உங்களைத்தான் எழுப்புகிறது, உள்ளே ஓடும் கடிகாரத்தை அது தொடுவதில்லை. அதைத் திருப்பி வைப்பது வெளிச்சம்.

இரு கண்களின் நரம்புகளும் மூளையில் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். வெளிச்சமே படாவிட்டாலும் அது ஓடும். மதுரைக்கு அருகே குகை வௌவால்களை வைத்து உயிரியலாளர் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் செய்த ஆய்வுகள் இதை அழகாகக் காட்டின. மனிதர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். சும்மா விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். காலை வெளிச்சம்தான் தினமும் அதை முன்னுக்கு இழுத்து நிறுத்துகிறது.

உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தானாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் ஆகக் குறைவாக இருக்கும். ஏழுக்கு விழித்த உங்களுக்கு அது 4 முதல் 5 மணிக்குள் வரும். அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். அதற்கு முன்பு பட்டால் பின்னுக்குத் தள்ளும். நீங்கள் 4.30-க்கு டியூப் லைட்டைப் போட்டுக் கைபேசியைப் பார்க்கிறீர்கள், ஐந்து மணிக்கு ஜிம்மின் பளீர் விளக்குகளின் கீழ் நிற்கிறீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது, தாமதமாகவே தூங்கலாம் என்று உடலுக்கு நீங்களே சொல்லிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. பதினொன்றரைக்குப் படுத்தும் தூக்கம் பிடிக்காததில் இதற்கும் பங்கு இருக்கலாம். பெரிய பங்கு அந்த ஆறரை மணிக் காபிக்கு. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கும்போது அரை டம்ளர் காபி இன்னும் உங்கள் ரத்தத்தில் ஓடுகிறது.

நான் சொல்வது இது: 4.30-ஐ விட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு எழுந்தால் உங்களுக்குப் போதும். பதினொன்றரைக்குப் படுத்து ஏழுக்குத் தானாக விழித்தீர்கள் என்றால் உங்கள் உடல் கேட்பது ஏழரை மணி நேரம். கடை ஒன்பதரைக்குச் சாத்துவதால் பத்தரைக்கு முன்பு படுக்க முடியாது. வைகறையில் ஏர் பூட்டியவர்கள் விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் படுத்தவர்கள். அந்தப் பாதியை விட்டுவிட்டு இந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் மூன்று நாள் பழையபடி ஏழுக்கே எழுங்கள், பட்ட தூக்கக் கடன் தீரட்டும். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால்: 6.45, 6.30, 6.15, 6.00. படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னால் நகர்த்துங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய் 20–30 நிமிடம் நடங்கள். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), காலை வெயிலில் நிழலில் நின்றாலே பல ஆயிரம் கிடைக்கும். சன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பது இதற்கு ஈடாகாது. ஈரோட்டில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறு மணியிலிருந்து 6.40-க்குள் என்பதால், மார்கழி, தை மாதங்களில் சற்றுப் பொறுத்து வெளியே போக வேண்டியிருக்கும். ஞாயிறன்றும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். எட்டரை வரை தூங்கினால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கள் முழுக்கக் கெடும்.

சாப்பாட்டையும் மாற்றியாக வேண்டும். கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு, அது பெருமளவு சாப்பாட்டு வேளையைப் பார்த்து ஓடுகிறது. அதே இட்லி காலையில் ஏற்றும் சர்க்கரையைவிட இரவு பத்து மணிக்கு அதிகம் ஏற்றும். டிபன் கேரியரைக் கடைக்கே வரவழைத்து ஏழரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் பசித்தால் ஒரு டம்ளர் பால் போதும். கடைசிக் காபி மதியம் இரண்டுக்குள். ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் வரும் சொக்கல் சாப்பிடாவிட்டாலும் வரும், அது உடலின் இயல்பு. 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். முக்கால் மணி ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து மந்தமாகத் திரிவீர்கள்.

இடுப்புப் பிடிப்புக்கு வருகிறேன். படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து எடை தூக்கினால் அவற்றின் மேல் அழுத்தம் மிக அதிகம். எழுந்து அரை மணியில் பார்பெல்லைத் தூக்கியிருக்கிறீர்கள். வலி போன பிறகு, கடையில் ஆள் இருந்தால் மாலை ஐந்து மணிக்குப் போங்கள். உடல் வெப்பமும் தசை வலுவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். முடியாவிட்டால் காலை ஏழரை.

அந்த அட்டவணை சீன மருத்துவ மரபில் வந்தது. நாளைப் பன்னிரண்டாக வெட்டி உறுப்புக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தது ஒரு பழைய தத்துவப் பகுப்பு, அளந்து கண்டது கிடையாது. செல்லுக்குள்ளேயே கடிகாரம் ஓடுவதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் காட்டிய கடிகாரம் இரவு பகல் ஓயாமல் ஓடுவது.

பிபி மாத்திரை: பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. மறக்காத வேளையில் போடுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை அதில் இருந்தால் இரவு எழ வேண்டியிருக்கும். மாற்றுவதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது பையனைப் பற்றிய ஒற்றை வரி. பதின்வயதில் உடலின் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்ந்துவிடும். பத்து மணிக்குப் படு என்றால் அவனால் தூங்க முடியாது, அது சோம்பல் ஆகாது. அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி விடியலுக்கு முந்தைய மணிகளில்தான் வருகிறது, படித்தது மனத்தில் படிவதில் அதற்கும் பங்கு உண்டு. நாலரைக்கு எழுப்பும்போது நீங்கள் வெட்டி எறிவது அதைத்தான். பள்ளிக்குக் கிளம்ப எவ்வளவு நேரம் வேண்டுமோ அந்தக் கணக்கில் எழுப்புங்கள். கடினமான பாடத்தை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை படிக்கட்டும். இன்றிரவே அவன் அறையிலிருந்து அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள்.