வெட்டி நடுற கொப்பெல்லாம் அழுகிப் போகுது, வீட்டுல வேர் புடிக்க வைக்கிறது எப்புடி?

செவ்வரத்தை, ரோசா, போகன்வில்லா எண்டு எதுல வெட்டி நட்டாலும் ரெண்டு கிழமையில அடி கறுத்து அழுகுது, ஹோமோன் பவுடர் வாங்கினா சரிவருமா எண்டு கேட்டிரிக்கீங்க. பவுடர் கதை பிறகு. முதல்ல அந்தத் தண்ணி ஊத்துறத நிப்பாட்டுங்க.

வெட்டின கொப்புக்கு வேர் இல்ல, அதால நீங்க வாளி வாளியா ஊத்தினாலும் அது பெருசா உறிஞ்ச ஏலாது, ஆனா மேல இரிக்கிற இலை மட்டும் வழமை போல தண்ணிய ஆவியா வெளிய விட்டுக்கிட்டே இரிக்கும், வரவு இல்லாம செலவு மட்டும். இலை தொங்குறதப் பாத்திட்டு நாம இன்னும் ஊத்துறம், மண்ணுக்குள்ள காத்துப் போற இடமெல்லாம் தண்ணி நிக்குது, காத்தில்லாட்டி வேர் வராது, பங்கசு (பூஞ்சணம்) வந்து அடியைத் திண்டிடும். ஆக ஈரம் வேண்டியது கொப்பைச் சுத்தி இரிக்கிற காத்துல. மண்ணு கையில புடிச்சா ஒட்டுற அளவு ஈரலிப்பா இருந்தாக் காணும், புழிஞ்சா தண்ணி சொட்டப்படாது.

நான் செய்யிறது இப்புடித்தான். விடியக்காலையில வெட்டுவன், வெயில் ஏறினாப் பிறகு வெட்டினா கொப்பு அப்பவே அரைவாசி காஞ்சிரிக்கும். ஆகப் பிஞ்சும் வேணாம், கிழட்டு மரக்கொப்பும் வேணாம், பென்சில் மொத்தத்துல, தோல் பச்சையில இருந்து மண்ணிறத்துக்கு மாறுற கட்டம் பாத்து ஆறு அங்குலம் அளவு. பூ, மொட்டு இருந்தா கிள்ளிடுங்க, இல்லாட்டி இரிக்கிற சத்தெல்லாம் அதுக்குப் போயிரும். கீழ்வெட்டு கணுவுக்குச் சரியாக் கீழ, சரிவா; மேல்வெட்டு நேரா. அழகுக்கு இல்ல, தலைகீழா நட்டா அனேகமா வேர் வராது, நாலைஞ்சு கொப்பு ஒண்டாக் கிடக்கக்குள்ள எது மேல எது கீழ எண்டு குழம்பாம இரிக்கத்தான். கத்தியோ பிளேட்டோ கூரா, சுத்தமா இரிக்கணும், நசிஞ்ச வெட்டுதான் முதல்ல அழுகும். மறுகா கீழ இலையெல்லாம் கழட்டி, நுனியில ரெண்டு இலை மட்டும் விட்டு, அது பெருசா இருந்தா அதையும் குறுக்கால பாதியா வெட்டிடுவன். பாக்கப் பாவமா இரிக்கும், ஆனா தண்ணிச் செலவு பாதியாகும்.

மண்ணு எண்டு சொன்னாலும் மண்ணு போடாதீங்க. கழுவின ஆத்து மணலும் தும்புத்தூளும் பாதிக்குப் பாதி, உமிக்கரி கிடைச்சா ஒரு பிடி. பசளை, மாட்டெரு ஒண்டும் வேணாம், வேரே இல்லாததுக்கு என்னத்துக்குச் சாப்பாடு. கடக்கரை மணல அள்ளிப் போடுறவங்களும் இரிக்காங்க, அதுல உப்பு, வேணாம். அதே மாதிரித்தான் நம்மட மட்டக்களப்புல கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடையில இரிக்கிற ஆக்கள் கிணத்துத் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்திட்டு ஊத்துங்க, கொஞ்சம் கரிச்சாலும் மழைத்தண்ணி புடிச்சு வெச்சுப் பாவிங்க. வளந்த மரம் அந்த உப்பத் தாங்கும், வெட்டின கொப்பு தாங்காது.

இனி மூடி. இதுதான் முழு விசயமும். ஒண்டரை லீட்டர் சோடாப் போத்தல அடியை வெட்டிக் கவுத்து வைங்க, இல்லாட்டி சாடிய அப்புடியே பெரிய வெள்ளைப் பொலித்தீன் பேக்குக்குள்ள இறக்கிக் கட்டுங்க. உள்பக்கம் பனி புடிச்ச மாதிரி முத்து முத்தா நிண்டா சரி, ஓடி வழிஞ்சா ஈரம் கூடிப்போச்சு, மூடியக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்க. வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது, போத்தலுக்குள்ள வெயில் புடிச்சா கொப்பு அவிஞ்சிரும். மாமரத்துக்குக் கீழயோ கிணத்தடிச் சுவருக்கு நிழல் பக்கமோ வைங்க. முக்கியமா கச்சான் எண்ட காஞ்ச காத்து வீசுற மாசங்கள்ல மூடி இல்லாம வெளிய வெச்சா, உடுப்புக் காயுற வேகத்துல இலை காயும், அந்த நேரம் வெட்டி நட்டிட்டு கை ராசியில்ல எண்டு சொல்றதுல நியாயமில்ல. நமக்கு மழை ஐப்பசிக்குப் பிறகுதான், அந்தக் காலம் காத்தே ஈரமா இரிக்கும், பாதி வேலைய மாரி செஞ்சு தரும். வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் கிளுவை, பூவரசுக் கதியால மாரி தொடங்கக்குள்ள வெட்டி வேலியில குத்துவாங்க, மூடியும் இல்ல பவுடரும் இல்ல, தளைச்சிரும். ஏனெண்டா இலையே இல்லாத மொத்தத் தடி, உள்ளுக்கு மாச்சத்து சேமிப்பு இரிக்கு, வெளிய மழை.

பவுடருக்கு வருவம். வேர் ஹோமோன் எண்டு விக்கிறதுல அனேகமா இரிக்கிறது ஐபிஏ எண்ட சாமான், இளந்தண்டுக்கு 0.1 வீதம், அரை முத்தலுக்கு 0.3 வீதம், முத்தின கொப்புக்கு 0.8 வீதம் எண்டு வரும். செவ்வரத்தை, குரோட்டன், மல்லிகைக்கு அது இல்லாமலே வரும். போகன்வில்லா, ரோசாவுக்கு வாங்கினா பிரயோசனம், ஆனா அளவுக்கு மேல போட்டா வேர் கூடுதலா வராது, அடிதான் கருகும், தொட்டுத் தட்டிவிட்டாக் காணும். கத்தாளைச் சாறு, தேன் எண்டு யூடியூப்ல காட்டுறதெல்லாம் கேடில்ல, அத நம்பி மூடியை மறந்திடாதீங்க. கறுவாத்தூள் பங்கசுக்குக் கொஞ்சம் உதவும், வேர் வர வைக்காது.

ஆகப்பெரிய எதிரி நம்மட அவசரம். பக்கத்து வீட்டு மாமி ஒவ்வொரு நாளும் கொப்பப் புடுங்கி வேர் வந்திட்டா எண்டு பாத்திட்டுத் திரும்பக் குத்துவா, எப்புடிகா வரும்? முதல்ல வெட்டின அடியில வெள்ளையாக் கட்டி கட்டியாத் தழும்பு மாதிரி ஒண்டு கட்டும், வேர் அதுக்குள்ளால, இல்லாட்டி கணுவுக்குப் பக்கத்தால நூல் போல வெளிய வரும், புடுங்கினா முதல்ல உடையிறது அதுதான். புதுத் தளிர் வந்தா வேர் வந்திட்டு எண்டும் நினைக்காதீங்க, கொப்புக்குள்ள இரிக்கிற சேமிப்புல தளிர் விட்டிட்டு அப்புடியே செத்துப் போறதும் இரிக்கு. உள்ள தெரியிற பிளாஸ்ரிக் கப்புல நட்டு, அத இன்னொரு கறுப்புக் கப்புக்குள்ள வெச்சா, வெளிய எடுத்துச் சுத்திப் பாத்தாலே வேர் தெரியும். செவ்வரத்தைக்கு மூண்டு நாலு கிழமை, ரோசாவுக்கு ஒரு மாசத்துக்கு மேல, போகன்வில்லா ரெண்டு மாசமும் எடுக்கும். கப்பின்ட ஓரமெல்லாம் வேர் வந்தாப் பிறகு மூடிய ஒரேயடியா எடுக்காம, முதல் நாள் ஒரு மணித்தியாலம், மறுகா அரைநாள் எண்டு ஒரு கிழமையா வெளிக்காத்துக்குப் பழக்கி அதுக்குப் பிறகு சாடிக்கு மாத்துங்க.

ரோசாவுல ஒண்டு சொல்லணும், நர்சரியில வாங்கின பெரிய பூ ரோசா அனேகமா ஒட்டுக் கண்டு, வேற ரோசாவின்ட வேர்ல ஒட்டினது, அதுல வெட்டி நட்டு வேர் வந்தாலும் தாய்ச்செடி மாதிரி வீரியம் இரிக்காது. நாட்டு ரோசாவுல பழகுங்க. கொய்யா, தேசிக்காய்க்கு கொப்பு நட்டு மினக்கெட வேணாம், மரத்துலயே தோல் சீவி தும்பு கட்டிப் பதி வைங்க, அது லேசு.