மூன்று அடிக்கோடுகள்

அன்புள்ள ஐயா,

வங்கதேசப் போரைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்க அதிபர் நிக்சனை ஒரேயடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். ஒரு அதிபர் தன் நாட்டின் நலனைத்தான் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறுந்து கிடந்த சீன உறவை மீண்டும் ஒட்டவைக்க அவருக்குப் பாகிஸ்தானின் உதவி தேவைப்பட்டது. அப்போது பாகிஸ்தானை ஆண்ட ராணுவத் தளபதி யாஹ்யா கானைக் கண்டித்திருந்தால் அந்தக் கதவே மூடியிருக்கும். இந்தியாவும் தன் நலனுக்காகத்தானே போரில் இறங்கியது? அறத்தை வைத்து வெளியுறவுக் கொள்கையை எடைபோடுவது எழுத்தாளர்களுக்குச் சுலபம், ஆட்சியில் இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் பதிலை அறிய ஆவல்.

ம.,
கோவில்பட்டி

அன்புள்ள ம.,

அதிபர் தன் நாட்டின் நலனைத்தான் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். சரி, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அறத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கிறேன். அப்படி வைத்துப் பார்த்தாலும் 1971இல் நிக்சன் செய்தது தவறு என்றுதான் சொல்வேன்.

தேதிகளைப் பாருங்கள். 1970 டிசம்பர் தேர்தலில், இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத்தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. ஆட்சியைக் கொடுக்க மனமில்லாத யாஹ்யா கான், மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவத்தை ஏவினார். அந்த ராணுவத்தின் கையில் அமெரிக்கா கொடுத்த டாங்குகளும் இருந்தன. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டாக்காவின் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், கண்முன் நடந்ததை அன்றாடம் வாஷிங்டனுக்குத் தந்தியாக அனுப்பிக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

ஏப்ரல் 6ஆம் தேதி அங்கே பணியில் இருந்த 20 அமெரிக்க அதிகாரிகள் கையெழுத்திட்டு ஒரு தந்தி போனது. தங்கள் அரசின் கொள்கையை ஏற்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன தந்தி. பிளட் அந்த இருபது பேரில் ஒருவர் இல்லை. தூதரகத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும்போது கையெழுத்திடுவது முறையாகாது என்று கருதினார். ஆனால் தந்தியின் கடைசியில் தன் பெயரில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். இவர்கள் சொல்வதை நானும் ஏற்கிறேன், இந்தப் போராட்டம் பெரும்பாலும் வங்காளிகளின் வெற்றியிலும் சுதந்திர வங்கதேசத்திலும்தான் முடியும், தோற்கப்போகும் தரப்பை ஒருதலையாக ஆதரித்து ஜெயிக்கப்போகிறவர்களின் நல்லெண்ணத்தை இழப்பது மடமை என்பது அதன் சாரம்.

நீங்கள் சொல்லும் 'நலன்' என்ற கணக்கைத்தான் அவர் போட்டிருக்கிறார். அதுவும் சரியாகப் போட்டிருக்கிறார். எட்டு மாதம் கழித்து நடக்கப்போவதை ஏப்ரலிலேயே எழுதிவிட்டார். அந்த மனிதருக்குக் கிடைத்த பரிசு, டாக்காவிலிருந்து திரும்பி வரச் சொல்லும் உத்தரவு. அதற்குப் பிறகு அவருடைய பணிவாழ்க்கை தலைதூக்கவே இல்லை.

அந்த ஏப்ரல் கடைசியில், அதிபரின் தேசப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர், பாகிஸ்தான் விஷயத்தில் மூன்று வழிகளை எழுதி நிக்சனின் ஒப்புதலுக்கு அனுப்பினார். குறிப்பில் உள்ள தேதி ஏப்ரல் 28. நிக்சன் மூன்றாவது வழியைத் தேர்ந்து, அடியில் தன் கையாலேயே எழுதினார்: 'எல்லோருக்கும்: இப்போது யாஹ்யாவை நெருக்காதீர்கள்.' அதில் 'கூடாது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் கீழே மூன்று கோடுகள் போட்டார். அந்தத் தாளை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். கல்கத்தாவின் சால்ட் லேக்கில், சாக்கடைக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர்.

சீனாவுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறீர்கள். சீனப் பிரதமர் சூ என்லாயின் முக்கியமான செய்தி ஏப்ரல் 27ஆம் தேதி பாகிஸ்தான் வழியாகத்தான் வாஷிங்டன் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றே வழி இல்லை. ரோமானியா மூலமும் பீகிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) பதில் வந்திருக்கிறது. அதைக்கூட விட்டுவிடுவோம். ஜூலையில் கிஸிஞ்சர் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ராவல்பிண்டியிலிருந்து ரகசியமாகப் பீகிங் போனார். ஜூலை 15ஆம் தேதி நிக்சன் அதைத் தொலைக்காட்சியில் உலகுக்கே அறிவித்தார். அப்புறம் பாரிஸில் இரு நாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டது. அதாவது ஜூலைக்குப் பிறகு தபால்காரராக யாஹ்யா தேவையே இல்லை. ஆனாலும் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் டிசம்பரிலும் அதே கொள்கைதான் தொடர்ந்தது. உங்கள் வாதம் ஏறத்தாழ மூன்று மாதத்துக்குச் செல்லும். மிச்ச ஐந்து மாதத்துக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: முடிவெடுக்கும் அறையில் நிக்சன், கிஸிஞ்சர் என்று இரண்டே பேர். வெளியுறவு அமைச்சர் ரோஜர்ஸுக்கே சீனப் பயணத்தைப் பற்றிக் கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். டாக்காவில் இருந்த பிளட்டுக்கோ டில்லியில் இருந்த அமெரிக்கத் தூதர் கீட்டிங்குக்கோ எதற்காகத் தங்கள் பேச்சு எடுபடவில்லை என்று தெரியவே தெரியாது. தராசின் ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களால் மற்றத் தட்டை எப்படி நிறுத்துச் சொல்ல முடியும்? களத்தைத் தெரிந்தவர்களிடம் ரகசியம் இல்லை, ரகசியம் தெரிந்தவர்களுக்குக் களம் தெரியவில்லை. தேசப் பாதுகாப்பு என்ற பெயரில் இப்படி ஒரு சுவரைக் கட்டிக்கொண்டால், தப்புக்கணக்கைத் திருத்தச் சுற்றிலும் ஆள் இருக்காது. அறைக்குள் நடந்த பேச்சின் ஒலிநாடாக்கள் இப்போது கிடைக்கின்றன. இந்தியர்களைப் பற்றியும் இந்திரா காந்தியைப் பற்றியும் அதில் வரும் வசைகளை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கொள்கை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு பகுதி வெறும் வெறுப்பு என்பது அதைக் கேட்டால் தெரியும்.

அதனால் அமெரிக்காவுக்குக் கிடைத்தது என்ன? 1969லிருந்து இழுத்துக்கொண்டே இருந்த இந்திய-சோவியத் ஒப்பந்தம், 1971 ஆகஸ்ட் 9ஆம் தேதி கையெழுத்தானது. இந்தியா மாஸ்கோவின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டவர்களே அதைத் தள்ளிவிட்டார்கள்.

இந்திய-பாகிஸ்தான் போர் மூண்ட டிசம்பர் இன்னும் மோசம். பாகிஸ்தானுக்கு ஆயுதம் தரத் தடை இருந்ததால், அமெரிக்கா ஜோர்டானுக்குக் கொடுத்த போர் விமானங்களை அங்கிருந்து பாகிஸ்தானுக்கு அனுப்புவது சட்டப்படி கூடாது என்று அவர்களுடைய அரசுத் துறைகளே சொல்லின. தெரிந்தே அனுப்ப வைத்தார்கள். டிசம்பர் 10ஆம் தேதி நியூயார்க்கில் கிஸிஞ்சர் சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவைச் சந்தித்து, இந்திய எல்லையில் சீனா படையை நகர்த்தினால் அமெரிக்கா தடுக்காது என்பதை உணர்த்தினார். எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் வங்காள விரிகுடாவை நோக்கிக் கிளம்பியது.

12ஆம் தேதி சீனாவிடமிருந்து ஏதோ செய்தி இருப்பதாகத் தகவல் வந்தது. என்ன செய்தி என்று பார்ப்பதற்கு முன்பே, சீனா இறங்கப்போகிறது என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். சோவியத் யூனியன் சீனாவைத் தாக்கினால் சும்மா இருக்கப்போவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். அணு ஆயுதம் வைத்திருக்கும் மூன்று நாடுகள் மோதக்கூடிய ஒரு நிலைமையை அந்த அறைக்குள் அவ்வளவு சாதாரணமாகப் பேசினார்கள். பிரித்துப் பார்த்தால், ஐ.நா.வில் போர்நிறுத்தம் பற்றிய செய்தி. சீனாவுக்கு இறங்கும் எண்ணமே இல்லை. நாலு நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இதில் எது அமெரிக்காவின் பாதுகாப்பு, சொல்லுங்கள்.

இந்தியாவும் நலனுக்காகத்தான் போனது என்பது உண்மை. பாகிஸ்தான் இரண்டாக உடைவதில் டில்லிக்கு லாபம் இருந்தது, அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு கோடிப் பேருக்குச் சோறு போட்டதும் இந்தியாதான். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு வந்த கடிதங்களை ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். 1971 நவம்பருக்குப் பிறகு வந்த கவர்களில் வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தலை இருக்கும், ஐந்து பைசா, அகதிகள் நிவாரணம். கல்கத்தாவை வரைபடத்தில்கூடப் பார்த்திராத என் பாட்டி, மதுரையில் இருந்த தம்பிக்குக் கவர் போடும்போதெல்லாம் அந்த ஐந்து பைசாவையும் சேர்த்து எண்ணிக் கொடுத்திருக்கிறாள். இங்கே தெற்கு மூலையில் இருந்தவர்கள் வரை அந்தக் கணக்கு வந்து சேர்ந்தது.

இப்போது ஒதுக்கி வைத்த அறத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த இருபது பேர் அறத்தையும் நலனையும் தனித்தனியாக எழுதவில்லை. கொலையைக் கண்டிக்கத் தவறிவிட்டோம் என்றும் எழுதினார்கள், இது நமக்கே கேடு என்றும் எழுதினார்கள், ஒரே தந்தியில். ஆட்சியாளர்களுக்கு அறம் கட்டுப்படியாகாது என்கிறீர்கள். அவர்களும் அரசாங்க ஊழியர்கள்தான், வேலைக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்தே எழுதியவர்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறை இந்த ஆவணங்களையெல்லாம் இணையத்திலேயே போட்டுவைத்திருக்கிறது. முதலில் ஏப்ரல் 6 தந்தியைப் படியுங்கள், பிறகு ஏப்ரல் 28 குறிப்பை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 22 நாள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், மாறுபட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்