நான்கு துண்டாக ஸ்கேன் செய்த பழைய படத்தை ஒட்டுத் தெரியாமல் இணைப்பது எப்படி?

கேள்வி: தாத்தா பாட்டி திருமணத்தன்று எடுத்த 12×15 அங்குலக் கறுப்பு வெள்ளைக் குழுப்படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஏ4 ஸ்கேனரில் அடங்காததால் நான்கு துண்டுகளாக ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் ‘ஆட்டோ’ பொத்தானால் தெளிவாக்கி, பனோரமா மென்பொருளில் இணைத்தேன். ஒட்டு விழுந்த இடத்தில் ஒருவருக்கு மூக்கு இரண்டாகத் தெரிகிறது; வலப்பக்கத்தில் நிற்பவர்கள் வெளுத்துப்போயிருக்கிறார்கள். படம் மஞ்சளடித்தும் இருக்கிறது. மங்கிய முகங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துத் தெளிவாக்கலாமா?

பதில்: நீங்கள் செய்த வேலைகளில் தவறு குறைவு, அவற்றைச் செய்த வரிசைதான் தவறு. ‘ஆட்டோ’ பொத்தான் தன்முன் உள்ள துண்டில் எது மிகக் கறுப்பு, எது மிக வெளுப்பு என்று பார்த்து, அந்த இரண்டுக்கும் நடுவே மற்றச் சாயல்களை இழுத்து விரிக்கிறது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் நிறைந்த துண்டையும் வெள்ளை வேட்டிகள் நிறைந்த துண்டையும் அது ஒரே அளவில் விரிக்காது என்பதால், இரண்டிலும் இடம்பெறும் அதே மனிதர் இரு வேறு சாயலில் வந்து சேர்கிறார். ஆகவே முதலில் இணைத்து, பிறகு முழுப் படத்தையும் ஒரே முறையாகத் தெளிவாக்க வேண்டும். இப்போதுள்ள கோப்புகளை ஒதுக்கிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேனர் மென்பொருளில் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), வண்ண ஸ்கேன், வசதி இருந்தால் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ண அடுக்குகளில் ஒவ்வொன்றுக்கும்) 16 பிட், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு வடிவம் என்று அமையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் எதற்கு என்பது பின்னால் விளங்கும். கண்ணாடியை விடப் பெரிய படத்தை வைக்கும்போது அது ஸ்கேனரின் விளிம்புச் சட்டத்தின்மேல் ஏறி, அந்த ஓரத்தில் கண்ணாடியிலிருந்து சற்றே எழும்பி நிற்கும். விலை குறைந்த மெல்லிய ஸ்கேனர்களில் உள்ள சிஐஎஸ் வகை உணரி (ஒளியைப் பதியும் பாகம்), கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பதிவதால், அந்த ஓரப் பட்டை மங்கிவிடும். உங்கள் படத்தில் அகலவாக்கில் சுமார் 5 அங்குலம் இரு துண்டுகளுக்கும் பொதுவாக விழும் என்பதால், ஓரத்தில் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்தாலும் நட்டமில்லை. படத்தை 180 பாகை திருப்பி வைக்கலாம். 90 பாகை மட்டும் திருப்பாதீர்கள். ஸ்கேனரின் நீளவாக்கு அளவை மோட்டாரின் ஓட்டமும் அகலவாக்கு அளவை உணரியும் தீர்மானிப்பதால், இரண்டும் இம்மியளவு வேறுபடக்கூடும். அந்த இம்மி ஒட்டில் வந்து நிற்கும். தாள் சொரசொரப்பானதாக இருந்தால் 180 பாகைத் திருப்பமும் வேண்டாம்; விளக்கொளி ஒரு பக்கமிருந்து சாய்வாக விழுவதால் சொரசொரப்பின் நிழல் திசை மாறித் தெரியும். (அதே குணத்தைச் சாதகமாக்கி, ஒரே பகுதியை இரு திசைகளிலும் ஸ்கேன் செய்து, பொருத்தி, சராசரி எடுத்துப் பட்டுத்துணிபோல் சொரசொரப்பான புகைப்படத் தாளின் புள்ளிகளை மங்கவைப்பவர்களும் உண்டு.) படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு வளைந்திருந்தால் அழுத்தித் தட்டையாக்க முயலாதீர்கள், இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்துக் கேமராவில் படியெடுப்பதே நல்லது.

இனி இரட்டை மூக்குக்கு வருவோம். இணைக்கும் மென்பொருள்களில் பலவும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட ‘சிஃப்ட்’ முறையையோ அதன் வழிவந்தவற்றையோ சார்ந்தவை. அது பொத்தான், நகையின் முனை, கீறல் போன்ற தனித்த இடங்களைத் தேடி, ஒவ்வொன்றின் சுற்றுப்புறத்தையும் 128 எண்களாக எழுதிக்கொள்கிறது. படம் திரும்பினாலும் பெருத்தாலும் அந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. இரு துண்டுகளிலும் ஒத்த எண்கள் உள்ள புள்ளிகள் இணைகளாகின்றன. ஆனால் முன்வரிசைக் குழந்தைகள் அமர்ந்திருக்கும் ஜமுக்காளத்தின் கோடுகள் எல்லாமே ஒன்றுபோல் இருப்பதால், தவறான இணைகளும் நிறைய அமையும். அவற்றை வடிகட்ட, 1981-இல் ஃபிஷ்லர், போல்ஸ் இருவரும் வெளியிட்ட ‘ரான்சாக்’ முறை உதவுகிறது: சில இணைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒரு பொருத்தத்தைக் கணக்கிட்டு, மற்ற இணைகளில் எத்தனை அதற்கு ஒத்துவருகின்றன என்று எண்ணி, அதிக ஆதரவு பெற்ற பொருத்தத்தை ஏற்பது. சிஃப்டின் அமெரிக்கக் காப்புரிமை 2020-இல் காலாவதியானதால், இன்று இலவச மென்பொருள்களும் தடையின்றி அதைப் பயன்படுத்தலாம்.

பனோரமா மென்பொருள், ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பி எடுத்த படங்களை எதிர்பார்க்கிறது. அதற்கேற்ப ஒவ்வொரு துண்டையும் சாய்க்கவும் இழுக்கவும் 8 அளவுருக்கள் (மாற்றிப்பார்க்கும் எண்கள்) வரை எடுத்துக்கொள்கிறது. ஸ்கேனரில் நடப்பதோ வெறும் நகர்வும் சிறு சுழற்சியும்; 3 அளவுருக்கள் போதும். தேவையற்ற சுதந்திரம் கொடுத்தால், ஜமுக்காளத்தின் தவறான இணைகளைத் திருப்திப்படுத்த மென்பொருள் முகங்களை இழுத்துவிடுகிறது. ஃபோட்டோஷாப்பில் படங்களை இணைக்கும் கருவியான ஃபோட்டோமெர்ஜில் ‘கொலாஜ்’ அமைப்பைத் தேர்ந்து, லென்ஸ் கோணல் திருத்தத்தையும் ஓர இருள் நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். இலவசப் பனோரமா மென்பொருளான ஹியூஜினில் காட்சிக்கோணத்தை 10 பாகை போலச் சிறிதாக வைத்து, சுழற்சியையும் இடமாற்றத்தையும் மட்டும் கணக்கிடச் சொல்லுங்கள். ஜமுக்காளத்தில் விழுந்த புள்ளிகளை நீங்களே நீக்கிவிடுவது இன்னும் பாதுகாப்பு. ஒட்டுக்கோட்டை முகத்தின் குறுக்கே போகவிடாமல், இருவருக்கு இடையிலோ யாரேனும் அணிந்த கறுப்புக் கோட்டு உடையின் மடிப்பிலோ செல்லும்படி மாஸ்க் (ஒரு பகுதியை மறைக்கும் திரை) வரைந்து திருப்புங்கள்.

ஒற்றைப் படமான பிறகே தெளிவாக்கும் வேலை. வண்ண ஸ்கேனின் பயன் இங்கேதான். தாளில் படிந்த மஞ்சள் கறை சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். மஞ்சள் பழுப்பாக மங்கிப்போன உருவமோ நீலச் சேனலில்தான் அழுத்தமாகத் தெரியும். எனவே மூன்று சேனல்களையும் தனித்தனியே பார்த்து, இரண்டைத் தக்க அளவில் கலந்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஓரிடம் இருண்டும் ஓரிடம் வெளிறியும் இருந்தால், படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து அந்தந்த இடத்துக்கேற்பக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள மாறுபாட்டைக் கூட்டும் ‘கிளாஹே’ முறை கைகொடுக்கும். மருத்துவப் படங்களுக்காக வளர்ந்த முறை அது. மாறுபாட்டை எவ்வளவு கூட்டலாம் என்ற வரம்பைக் குறைத்தே வையுங்கள்; கூட்டினால் பின்திரையின் வெற்றிடத்திலும் தூசுப் புள்ளிகள் எழும்பும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி: மேலே சொன்னவை படத்தில் இருப்பதை எடுத்துக்காட்டுகின்றன, முகம் தெளிவாக்கும் செயலி இல்லாததை ஊகித்து வரைகிறது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பல்ஸ்’ என்ற கருவியிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளையரின் முகம் வெளிவந்து பெரும் விவாதமானது. 600 டிபிஐயில் உங்கள் படம் சுமார் 6.5 கோடி புள்ளிகள் கொண்டதாக இருக்கும் என்பதால், பெரும்பாலான முகங்களுக்கு அத்தகைய உதவியே தேவைப்படாது. அப்படியும் ஆசைப்பட்டால், செயலி வரைந்ததைத் தனிக் கோப்பாக வைத்து, ‘செயலி வரைந்த முகம்’ என்று கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். இணைத்த மூல டிஃப் கோப்பின்மேல் அதைச் சேமிக்காதீர்கள்.