வாசகர் கேள்விகள்: ஜன்னல் இருந்தால் வீட்டிலேயே போட்டோ எடுக்கலாம்

பாஸ்போர்ட் போட்டோவை வீட்டிலேயே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மதுரை சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை இப்போது நான்தான் நடத்துகிறேன். முடியும் என்பதே என் பதில். எப்படி என்பதைக் கேள்விகளின் போக்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பேரனுக்கு ஏழு மாதம். மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறார். மகளும் குழந்தையும் அங்கே போகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போனால் விளக்கைப் பார்த்ததும் அலறுகிறான். என்ன செய்வது?
– ஒரு பாட்டி, சோழவந்தான்

அவனை அழவிட வேண்டாம் அம்மா. கைக்குழந்தைக்கு வீட்டைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது.

நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போகும்போது போட்டோவைக் கையில் கொண்டுபோக வேண்டும். அகலம் 3.5 சென்டிமீட்டர், உயரம் 4.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. பின்னணிக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. தாத்தாவின் வெள்ளை வேட்டி ஒன்றை இஸ்திரி போட்டு, கரை உள்ளே போகும்படி மடித்து, தரையில் விரித்த மெத்தையின் மேல் சுருக்கமில்லாமல் போடுங்கள். இடம் ஜன்னலை ஒட்டி இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். வெயில் நேராக விழுந்தால் குழந்தை கண்ணைச் சுருக்கிவிடும், முகத்தில் பாதி வெளுத்துப் பாதி இருண்டுவிடும்.

குழந்தையின் தலை ஜன்னல் பக்கமும் கால் அறையின் உள்பக்கமும் இருக்கட்டும். திருப்பிப் படுக்கவைத்தால் முகவாய்க்குக் கீழே டார்ச் லைட்டைப் பிடித்தது போல நிழல்கள் மேல்நோக்கி விழுந்து, பிள்ளை முகமே மாறிவிடும். படம் எடுப்பவர் கால் பக்கம் நின்று, செல்போனை முகத்துக்கு நேர் மேலே நீட்டிப் பிடிக்க வேண்டும். அவருடைய நிழல் வேட்டியில் விழக் கூடாது. பால் குடித்து, ஏப்பம் விட்டு, விளையாட்டாக விழித்துக் கிடக்கும் நேரம் பார்த்து எடுங்கள். உங்கள் மகள் கிலுகிலுப்பையைச் செல்போனுக்கு ஒட்டியபடி மேலே ஆட்டினால் அவன் பார்வை நேராக வரும். பக்கத்தில் ஆட்டினால் தலை திரும்பிவிடும். தொடர்ச்சியாக நிறையப் படங்கள் எடுத்து, இரண்டு கண்ணும் திறந்து வாய் மூடியிருக்கும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிடித்திருக்கும் கையோ பொம்மையோ படத்தில் தெரியக் கூடாது.

இன்னும் ஒன்று. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிடுங்கள். அது மையா மச்சமா என்று படத்தைப் பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாது. மனசு கேட்கவில்லை என்றால் உள்ளங்காலில் வைத்துவிடுங்கள். எங்கள் ஸ்டூடியோவுக்கு வரும் தாய்மார்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறேன். எத்தனை போட்டோ கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், மேலூர்

ஒன்றும் வேண்டாம். பெரியவர்களுக்குச் சேவை மையத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். பின்னணி வெள்ளையாக இருப்பதால் வெள்ளைச் சட்டை போடாமல், கரும் நீலம், மெரூன் போல அடர்ந்த நிறத்தில் போட்டுக்கொண்டு போங்கள். மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் முகம் வியர்த்துப் பளபளக்கும். கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, தலையை வாரிக்கொண்டு உள்ளே போங்கள். அங்கே எடுக்கும் படம்தான் பத்து ஆண்டுகளுக்கு உங்களுடன் வரப்போகிறது.

மேற்படிப்புக்காக அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன். செல்ஃபி எடுத்து ஏற்றினேன், ஏற்கவில்லை. படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் தெரிகிறது. வீட்டில் நண்பர்கள் சிரிக்கிறார்கள். கேமராவில் கோளாறா?
– மாணவர், திருமங்கலம்

கேமரா சரியாகத்தான் இருக்கிறது தம்பி, தூரம்தான் தப்பு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். கையை நீட்டி எடுக்கும்போது செல்போன் அரை மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அந்தக் கிட்டத்தில் பத்து சென்டிமீட்டர் என்பது பெரிய வித்தியாசம். முன்னால் இருக்கும் மூக்கு பருத்துவிடும், பின்னால் இருக்கும் காது சிறுத்துவிடும். அதே முகத்தை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கிட்டே வர வேண்டுமென்றால் ஜூம் செய்யுங்கள், நடந்து வராதீர்கள்.

அதனால் முன்பக்கக் கேமராவை மறந்துவிடுங்கள். சில செல்போன்களில் அது படத்தை இடவலமாகத் திருப்பியும் சேமித்துவிடுகிறது. வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்துக்குப் போய்விடும். பின்பக்கக் கேமராவில், அண்ணனையோ அம்மாவையோ எடுக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் உங்கள் கண் உயரத்துக்குப் பீரோத் தட்டிலோ அடுக்கிய புத்தகங்களின் மேலோ செல்போனைச் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள். கண் உயரம் என்பது முக்கியம். கீழிருந்து எடுத்தால் மூக்குத் துவாரம்தான் தெரியும், மேலிருந்து எடுத்தால் நெற்றி பெருத்துவிடும்.

நீங்கள் ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். ஜன்னல் ஒரு பக்கமாக இருந்தால் முகத்தின் மறுபாதி இருட்டாகும். தலைக்கு மேலே எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், அது கண்குழியில் நிழலைப் போடும். பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பும் எரிந்தால் ஒரு கன்னம் ஒரு நிறமாகவும் மறு கன்னம் இன்னொரு நிறமாகவும் வரும். நம் ஊர் வீடுகளில் பச்சை, ரோஸ், நீலம் என்று சுவருக்கு வண்ணம் அடித்திருப்போம். பின்னால் வேட்டி கட்டினாலும், பக்கத்துச் சுவரின் பச்சை கன்னத்தில் தெறிக்கும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டால் போதும். பின்னணித் துணியை ஒட்டி நிற்காமல் மூன்று அடியாவது முன்னால் வந்து நில்லுங்கள். அப்போதுதான் உங்கள் நிழல் துணியில் விழாது.

இனி அமெரிக்க விசாவின் கணக்கு. படம் சதுரமாக, அச்சில் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். கணினியில் ஏற்றுவதற்கு 600 பிக்சல் சதுரம் முதல் 1200 பிக்சல் சதுரம் வரை, கோப்பின் அளவு 240 கேபிக்கு (கிலோபைட்டுக்கு) மேல் போகக் கூடாது. முகவாயிலிருந்து உச்சந்தலை முடி வரை, படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவிகிதம் இருக்க வேண்டும். பின்னணி வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய நிறம். ஆறு மாதத்துக்குள் எடுத்த படமாக இருக்க வேண்டும். 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்த படத்தை அவர்கள் ஏற்பதில்லை. எடுக்கும்போது தலைக்கு மேலும் தோளுக்கு இருபுறமும் நிறைய இடம் விட்டு எடுத்துவிட்டு, பிறகு இந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நெருக்கி எடுத்த படத்தில் இடத்தைச் சேர்க்க முடியாது.

தோலை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியையும், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியையும் நிறுத்திவிட்டு எடுங்கள். பின்னணியைத் தானே வெள்ளையாக மாற்றித் தரும் ஆப்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுருட்டை முடியையும் காது மடலையும் அவை கத்தரித்துவிடுகின்றன. உண்மையான வெள்ளைத் துணி அதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கலாமா? கூடாது என்று என் மகள் திட்டுகிறாள்.
– வாசகி, செல்லூர்

மதுரைக்காரியாக எனக்கும் மனசு வராதுதான். ஆனால் மகள் சொல்வது சரி. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் பூ கரைந்துவிடும். காதோரம் தொங்கும் சரம் தலையைக் கடித்து எடுத்தது போலக் காட்டும். பின்கொண்டையில் வைத்து, முன்னாலிருந்து தெரியாமல் இருந்தால் பரவாயில்லை. இதே கடிதத்தோடு வந்த இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மத வழக்கப்படி தலையை மூடுபவர்கள் மூடியபடியே எடுக்கலாம். முகவாய் முதல் நெற்றி வரை, முகத்தின் இரு ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக் கூடாது.

படம் நன்றாக வந்தது. கடையில் பிரிண்ட் போட்டால் ஒரு முறை பெரிதாகவும் ஒரு முறை சிறிதாகவும் வருகிறது. மங்கலாகவும் இருக்கிறது.
– வாசகர், வாடிப்பட்டி

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும்.

அளவு மாறுவதற்குக் காரணம், தாளுக்கு ஏற்றபடி படத்தை இழுத்துக்கொள்ளும் பிரிண்டர் அமைப்பு. நூறு சதவிகித அளவில் போடும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படம் 413க்கு 531 பிக்சல் வரும். 4க்கு 6 அங்குலப் போட்டோத் தாளில் இப்படி எட்டுப் படங்கள் அடங்கும். கடையைவிட்டு இறங்குவதற்கு முன் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாளில் போட வேண்டாம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்கிறார்கள். எழுந்து உட்கார முடியாது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. செல்போனில் எடுத்து, ஆப் வைத்து வாயை நேராக்கிவிடலாமா?
– ஒரு மகன், உசிலம்பட்டி

முதல் வேலையாக, அந்த ஆப்பைத் திறக்காதீர்கள். அந்த அட்டையே அவருடைய இன்றைய உடல்நிலைக்காகக் கொடுக்கப்படுவது. மாற்றிய படத்தோடு போனால், எதிரே இருக்கும் மனிதரும் படத்தில் இருப்பவரும் வேறாகத் தெரிவார்கள். அலைச்சல் உங்களுக்குத்தான்.

என் அப்பா பிலிம் காலத்தில் ரீடச்சிங் வேலையில் பேர் எடுத்தவர். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கோட்டையும் மறைத்துவிடுவார். பெண் பார்க்க அனுப்பும் படங்களுக்கு அதைச் செய்வார். ஆனால் பாஸ்போர்ட் படத்திலும் அரசாங்க விண்ணப்பப் படத்திலும் பென்சிலை வைக்கவே மாட்டார். யார் கேட்டாலும் மறுத்துவிடுவார். நானும் அப்படியே.

இனி எடுக்கும் முறை. கட்டிலை ஜன்னலுக்கு எதிராகத் திருப்புங்கள். அவர் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, எவ்வளவு சாய்ந்து இருக்க முடியுமோ அவ்வளவு மட்டும் உயர்த்துங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம். தலையணைகளின் மேலே வெள்ளை வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துச் செருகுங்கள். அவர் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறாரோ அதே கோணத்துக்குச் செல்போனையும் சாய்த்து, முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். நீங்கள் ஒரு நாற்காலியின் மேல் ஏற வேண்டியிருக்கலாம், யாராவது பிடித்துக்கொள்ளட்டும். தலை ஒரு பக்கம் சரிந்தால் கழுத்தின் பக்கவாட்டில், படத்தில் தெரியாத இடத்தில் சுருட்டிய துண்டை வையுங்கள். கையால் முகத்தைத் திருப்பாதீர்கள்.

முதலில் சவரம் செய்துவிட்டு, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுவிடுங்கள். முதுகுப்பக்கம் கத்தரித்துக்கொண்டால் கையை வருத்தாமல் போட்டுவிடலாம். எதற்காகப் படம் எடுக்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பேச முடியாதவர்களுக்கும் காது கேட்கும். இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பல முறை போயிருக்கிறேன். சொல்லிவிட்டு எடுத்தால் அவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள்.

எல்லோருக்கும் இப்படிச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் ஸ்டூடியோவுக்கு யார் வருவார்கள்?
– வாசகர், திருப்பரங்குன்றம்

வர முடிகிறவர்கள் வருவார்கள். அலறும் குழந்தையும், கட்டிலில் இருக்கும் பெரியவரும், ஒரு போட்டோவுக்காக ஒரு நாள் கூலியை விட்டு டவுனுக்கு பஸ் ஏற வேண்டியவரும் ஸ்டூடியோவுக்கு வரத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் என் படம் ‘அளவு அதிகம்’ என்று வருகிறது. கையெழுத்தையும் ஏற்கவில்லை.
– வாசகி, ஆரப்பாளையம்

வங்கித் தேர்வுகளில் படத்தை 20 முதல் 50 கேபிக்குள், சுமார் 200க்கு 230 பிக்சலில் கேட்பது வழக்கம். கையெழுத்து 10 முதல் 20 கேபி, சுமார் 140க்கு 60 பிக்சல். உங்கள் அறிவிப்பில் உள்ள எண்ணை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். செல்போனில் எடுத்த படம் சில ஆயிரம் கேபி இருக்கும். அதை அப்படியே கேபியில் மட்டும் நசுக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். முதலில் தேவையில்லாத இடத்தை வெட்டுங்கள், அடுத்து பிக்சலைக் குறையுங்கள், கடைசியாக கேபியைப் பாருங்கள். இந்த வரிசையில் செய்தால் பெரும்பாலும் தானாகவே அளவுக்குள் வந்துவிடும்.

கையெழுத்தைக் கோடு போடாத வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போடுங்கள். தாளை ஜன்னல் ஓரம் வைத்து, செல்போனின் நிழல் விழாமல் நேர் மேலிருந்து எடுத்து, எழுத்தை ஒட்டி வெட்டிவிடுங்கள். பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஏற்க மாட்டார்கள்.